கூடைக் கழிவு

என் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். மாலையில் நிறுவைக்கு வரிசை நிற்கும்போது மற்றவர்கள் தங்கள் கூடையைப் பார்ப்பார்கள். பாட்டி தராசு முள்ளைப் பார்ப்பார். மழை நாளில் ஈரக் கழிவு என்று ஒன்று போகும். வெயில் நாளிலும் கூடைக் கழிவு போகும். ஒன்றரைக் கிலோ கூடைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்கள் என்பது அவருடைய ஆயுள்கால வழக்கு. “மொதல்ல வெறுங்கூடைய நிறுத்துக் காட்டுங்கய்யா, அப்புறம் கழிச்சுக்குங்க” என்று ஒருநாள் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடமே கேட்டுவிட்டார். அடுத்த வாரம் அவருக்குச் செங்குத்தான மேட்டு நிரை கிடைத்தது. எந்தத் தோட்டம் என்பது இப்போது வேண்டாம்.

நான் சார்ஜ்மேன். தேயிலை ஆலையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் வாட்டு மேடை விசிறி, உருட்டு இயந்திர மோட்டார், உலர்த்தி, சுவிட்ச் போர்டு என்று 415 வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவன். ஓய்வு பெற்றபின் மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள லெம்பா பெர்த்தாமில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, முழுசாக ஒரு வோல்ட் கூடத் தராத ஒரு சாமானை அளந்துகொண்டிருக்கிறேன். அறிவியல் விழாவுக்காக அவர்கள் வாங்கிய ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலம் அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே பத்து சதுர சென்டிமீட்டர் சவ்வு. இதை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. 415 வோல்ட்டில் அரை வோல்ட் தொலைந்தால் யாரும் தேடமாட்டோம். 0.7 வோல்ட்டில் அரை வோல்ட் தொலைந்தால் சொத்தே போயிற்று.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு எங்கள் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. ரிங்லெட்டுக்குக் கீழே சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் எழும்பியது. தேங்கிய நீர் மலைக்குள் சுரங்கம் வழியே இறங்கி ஜோர் நிலத்தடி மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. நான்கு சுழலிகள், மொத்தம் 100 மெகாவாட். அதே அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் 2013 அக்டோபர் 23 அதிகாலையில் பெர்த்தாம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே தண்ணீரிலிருந்து வரும் மின்சாரம் என்றால் இங்கே பிள்ளைகளுக்கு ஒரு மரியாதையும் ஒரு பயமும் உண்டு. எங்கள் கலம் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்கிறது: மின்சாரம் தந்துவிட்டுத் தண்ணீரைக் கழிவாக விடுகிறது. “அங்கிள், இது எத்தனை சேர்ந்தா ஒரு ஜோர்?” என்று ஒருவன் கேட்டான். ஒன்று அரை வாட் என்றால் இருபது கோடி. பையன் விசிலடித்தான்.

கலத்தின் வேலை எளிது. சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. பிளாட்டினம் பூசிய முகத்தில் ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானைக் கழற்றிவிடுகிறது. மிச்சமுள்ள புரோட்டான் சவ்வைக் கடக்கும், எலெக்ட்ரான் கடக்க முடியாது. அது வெளிக்கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போகவேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் நம் விளக்கு, நம் விசிறி, நம் மீட்டர். மறுபக்கத்தில் ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீர். 1839-இல் வில்லியம் குரோவ் என்ற வழக்கறிஞர் இதைக் கண்டார். சில ஆண்டுகளில் இப்படிப் பல கலங்களை அடுக்கி, அதன் மின்சாரத்தாலேயே தண்ணீரைப் பிரித்தும் காட்டினார். பிளாட்டினச் செலவுதான் வெகுநாள் முட்டுக்கட்டை. 1980-களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமிலிருந்து 0.4-க்கு இறக்கியவர்களில் ஒருவர் பெயர் சுப்ரமணியம் சீனிவாசன். பிள்ளைகளிடம் இந்தப் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்வேன்.

இனி நாங்கள் அளந்த கதை. முதல் சனிக்கிழமை பிள்ளைகள் எனக்குக் காட்டிய நோட்டில் “திறன் = 0.06 வாட்” என்று இருந்தது. பெட்டியில் அரை வாட் என்று அச்சடித்திருந்தார்கள். பிள்ளைகளின் ஆசிரியருக்குக் கோபம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், திருப்பி அனுப்பலாம் என்றார். கலத்தோடு ஓர் ஓம் மின்தடையைத் தொடராக இணைத்திருந்தார்கள். மின்தடையின் இரு முனையிலும் வோல்ட் மீட்டர். மின்னோட்டம் பார்க்க மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் இடத்தில் வைத்துச் சுற்றுக்குள் செருகியிருந்தார்கள். 0.25 ஆம்பியர், 0.25 வோல்ட். பெருக்கினால் 0.06. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

நான் அந்த மல்டிமீட்டரைக் கழற்றி இன்னொரு மீட்டரால் அதையே அளந்தேன். மில்லிஆம்பியர் இடத்தில், உள்ளிருக்கும் ஷண்ட் என்ற சிறு அளவுத் தடையும் ஃபியூஸும் சேர்ந்து 1.8 ஓம். முதலைக் கிளிப் வைத்த மலிவு வயர்கள் 0.3 ஓம். பிள்ளைகள் அளக்க நினைத்த சுமையோ ஓர் ஓம். பிறகு வோல்ட் மீட்டரைக் கலத்தின் காதிலேயே நேராக வைத்தேன்: 0.77 வோல்ட். அப்படியென்றால் கலம் உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்தது 190 மில்லிவாட். அதில் மீட்டர் தின்றது 112, வயர் தின்றது 19, சுமைக்கு வந்து சேர்ந்தது 60 சொச்சம். கலம் ஏமாற்றவில்லை. கூடை கொழுந்தைவிடக் கனமாக இருந்தது.

அங்கேதான் பாட்டி ஞாபகம் வந்தார். அன்றைக்கே நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன். அளவீட்டுக்கு முன்னால் வெறுங்கூடையை நிறுக்கவேண்டும்: மீட்டரின் தடை எவ்வளவு, வயரின் தடை எவ்வளவு. அவர்களில் மூத்த பெண் அந்தக் கட்டத்துக்கு “கூடைக் கழிவு” என்றே தலைப்பு எழுதினாள். விழா நடுவர்கள் அதைப் புரிந்துகொள்வார்களா என்று ஆசிரியர் தயங்கினார். மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கழிவைத் தெரிந்துகொள்வது ஒரு பாதி. கழிவே விழாமல் அளப்பது மறுபாதி. அதற்கு நான்கு கம்பி வேண்டும். இரண்டு தடித்த கம்பிகள் மின்னோட்டத்தைச் சுமக்கும். அவற்றில் எவ்வளவு இழப்பு விழுந்தாலும் கவலையில்லை. வேறு இரண்டு மெல்லிய கம்பிகள் கலத்தின் இரு தட்டுகளையும் நேராகத் தொட்டு வோல்ட் மீட்டருக்குப் போகும். வோல்ட் மீட்டரின் உள்தடை பத்து மெகாஓம் என்பதால் அதில் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஓடாது. ஓடாத கம்பியில் இழப்பும் விழாது. மெல்லிய கம்பியை வசதிக்காகத் தடித்த கம்பியின் கிளிப் மேலேயே கவ்வவிடுவது பிள்ளைகள் எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். கிளிப்புக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள தொடுதடை அப்போது கணக்கில் நுழைந்துவிடும். கலத்துத் தட்டில் தனித்தனி இடத்தைத் தொடவேண்டும். மின்னோட்டத்துக்கு மல்டிமீட்டரையே விட்டுவிட்டு, 0.01 ஓம் ஷண்ட் ஒன்றைச் சுற்றில் வைத்து, அதன் குறுக்கே மில்லிவோல்ட் பார்க்கிறோம். ஓர் ஆம்பியர் என்றால் பத்து மில்லிவோல்ட். ஷண்ட் தின்பதும் அந்தப் பத்து மில்லிவோல்ட்தான்.

சுமைக்கு என்ன வைப்பது? கடையில் மின்னணுச் சுமை என்று ஒரு பெட்டி கிடைக்கும். பொத்தானைத் திருகினால் வேண்டிய ஆம்பியர். பணம் சேர்த்து வாங்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பெட்டிகளில் பலவும் ஒரு வோல்ட்டுக்குக் கீழே போனால் முழு மின்னோட்டத்தை இழுக்கத் திணறும். எங்கள் கலமோ அந்த எல்லைக்குக் கீழேயே வாழ்கிறது. பழைய மின்னடுப்பு ஒன்றின் நிக்குரோம் கம்பியை நீட்டி, ஒரு பலகையில் இறுக்கிக் கட்டினோம். அரை மில்லிமீட்டர் கம்பி, மீட்டருக்கு ஐந்தரை ஓம். கிளிப்பை நகர்த்தினால் சுமை மாறும். நிக்குரோம் சூடானாலும் தடை அதிகம் மாறாது. செம்பாக இருந்தால் பத்து டிகிரிக்கு நான்கு விழுக்காடு ஏறிவிடும். செலவு ஒரு ரிங்கிட் கூட இல்லை. நான் செய்த கருவிகளில் இதன்மேல்தான் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கஷ்டமானது காத்திருப்பது. கிளிப்பை நகர்த்திய உடனே வரும் எண்ணைக் குறிக்கக்கூடாது. சுமையை ஏற்றியதும் மின்னழுத்தம் சட்டென்று விழும், பிறகு நிதானமாக இன்னும் கொஞ்சம் இறங்கும், சில வேளை ஏறும். சவ்வு ஈரமானால்தான் புரோட்டான் ஓடும். ஓடினால்தான் தண்ணீர் உண்டாகி ஈரம் கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு ஒரு நிலைக்கு வர எங்கள் கலத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறது. சுமையை ஏற்றிக்கொண்டே போய் ஒரு வரிசை, இறக்கிக்கொண்டே வந்து இன்னொரு வரிசை எடுப்போம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ஆலையில் கொழுந்து வாட்டும்போதும் இப்படித்தான். மேடையில் கை வைத்துப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று திரும்பிப் போவார் பழைய டீமேக்கர்.

பெர்த்தாமின் மூடுபனி இதில் ஒரு தனிக் கட்சிக்காரர். மதியம் மூன்று மணிக்குமேல் பனி இறங்கிவிட்டால் காற்றில் ஈரம் நிறைந்துவிடும். சவ்வு காயாது என்பது நல்லது. ஆனால் காற்றுப் பக்கத்தில் உண்டாகும் தண்ணீர் உலரவும் வழியில்லை. துளைகளில் துளி அடைத்துக்கொண்டு ஆக்சிஜன் உள்ளே போகாது. மின்னழுத்தம் 0.6-இலிருந்து 0.4-க்குச் சரியும், துளி ஒன்று வழிந்ததும் மறுபடி துள்ளும். தண்ணீர்க் கதை என்று தெரிவதற்குமுன் நாங்கள் கிளிப், ஷண்ட், மீட்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். இப்போது நல்ல அளவீடு வேண்டுமென்றால் காலை பத்து மணி.

ஒரு காலை எடுத்த வரிசை இது. சுமையே இல்லாமல் 0.94 வோல்ட். ஏட்டுக் கணக்கில் 1.23 வரவேண்டும்; நிஜக் கலங்கள் அதைத் தொடுவதில்லை. 0.1 ஆம்பியரில் 0.83. 0.3-இல் 0.75. 0.6-இல் 0.65. 0.9-இல் 0.55. 1.1-இல் 0.44. 1.2-இல் தடாலென்று 0.31. தொடக்கத்தில் செங்குத்தாக இறங்குவது வினையைக் கிளப்ப விழும் செலவு. நடுவில் நேர்கோடு சவ்வின் தடை. கடைசியில் குப்புற விழுவது மூச்சுமுட்டல், அதாவது ஆக்சிஜன் பற்றாக்குறை. பெருக்கிப் பார்த்தால் 0.9 ஆம்பியரில் 0.495 வாட். அதற்கு மேல் ஆம்பியர் கூடினாலும் வாட் குறைகிறது. பெட்டியில் போட்டிருந்த அரை வாட் உண்மைதான். கடைக்காரருக்கு என் மன்னிப்பு.

பிள்ளைகள் அந்த உச்சத்தையே விடையாக எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைட்ரஜனில் இருக்கும் முழு ஆற்றலையும் மின்சாரமாக மாற்ற முடிந்தால் 1.48 வோல்ட் வரும். உச்சத்தில் 0.55 வோல்ட் என்றால், 37 விழுக்காடுதான் மின்சாரம், மிச்சம் வெறும் சூடு. 0.3 ஆம்பியரில் ஓடினால் பாதிக்குமேல் மின்சாரம். ஆலை மோட்டாரை உச்சத்தில் ஓட்டுகிறவன் சார்ஜ்மேனே இல்லை. ஆகவே “இந்தக் கலத்தின் திறன் எவ்வளவு?” என்று யாராவது கேட்டால் ஓர் எண் சொல்லாதீர்கள், கோடு முழுவதையும் காட்டுங்கள் என்றேன். விழாவில் ஓர் எண்தான் கேட்பார்கள் அங்கிள் என்றார்கள். அதுவும் சரிதான்.

பெரிய அமைப்புகளில் கூடைக் கழிவு வேறு உருவில் வருகிறது. சரவாக்கில் 2019-இல் கூச்சிங் நகரில் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையமும் நிரப்பு நிலையமும் திறந்தார்கள், பஸ்கள் ஓட்டுவதற்காக. அப்படிப்பட்ட பஸ்ஸில் நூற்றுக்கணக்கான கலங்கள் அடுக்காக இருக்கும். அடுக்கு தருவது ஒரு வாட் கணக்கு. காற்றை உள்ளே தள்ளும் கம்ப்ரஸர், குளிரூட்டும் பம்பு, விசிறி இவை தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் சக்கரத்துக்கு வருவது வேறு கணக்கு. விளம்பரத் தாளில் எது போட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அடுக்கின் மொத்த மின்னழுத்தம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரு கலம் தண்ணீரில் மூழ்கி எதிர்த்திசைக்குத் திரும்பினால் மொத்தத்தில் அது தெரியாது, ஆனால் அந்தக் கலம் செத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் கலத்துக்குக் கலம் ஒரு மெல்லிய கம்பி போகும். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும், சென்னை தரமணியில் உள்ள எரிபொருள் மின்கல மையத்திலும் இந்த வேலையும் நடக்கிறது. காரைக்குடி என்றதும் ஒரு பையன் “எங்க தாத்தா ஊரு பக்கம் அது” என்றான். பக்கமா என்பது தெரியாது, மகிழ்ச்சி நிஜம்.

ஹைட்ரஜன் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஓர் ஆம்பியருக்கு நிமிடத்தில் ஏழரை மில்லிலிட்டர் என்று ஆசிரியர் கணக்குப் போட்டு வந்தார். தண்ணீரில் கவிழ்த்த அளவுகுழாயில் பார்த்தால் எட்டே முக்கால் இறங்கியது. எங்கோ கசிகிறது என்று சோப்பு நுரை பூசி ஒரு மணி நேரம் தேடினோம். ஒரு குமிழிகூட இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில், ரிங்லெட் வளைவில் காது அடைத்துக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணக்கு கடற்கரைக் கணக்கு. இங்கே நாம் ஆயிரம் மீட்டருக்குமேல் இருக்கிறோம், காற்றழுத்தம் 89 கிலோபாஸ்கல்தான். அதே அளவு ஹைட்ரஜன் இங்கே அதிக இடம் பிடிக்கும்: எட்டரை மில்லிலிட்டர். தண்ணீர்மேல் சேகரித்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும். அதையும் சேர்த்தால் 8.7. கசிவு மலையேறிப் போயிற்று.

உயரத்தைக் குறை சொல்ல ஒரு வசதி கிடைத்ததும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதையே சாக்காக வைத்தார்கள். அதையும் ஒருநாள் உடைக்கவேண்டி வந்தது. சுமையில்லாத மின்னழுத்தத்தில் இந்த உயரம் செய்யும் வித்தியாசம் சில மில்லிவோல்ட் அளவுதான், நாங்கள் எழுதும் இரண்டு தசம எண்ணில் அது தெரியாது. கடைசியில் வரும் மூச்சுமுட்டல் மட்டும் கொஞ்சம் முன்னதாக வரும்.

எனக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. கலத்தை இரண்டு வாரம் ஒரு பையன் வீட்டில் வைத்திருந்தான். வீட்டை ஒட்டிக் காய்கறித் தோட்டம், கோழி எரு கொட்டிவைத்த மேடு. திரும்பி வந்தபோது எல்லாப் புள்ளியும் ஐம்பது, அறுபது மில்லிவோல்ட் கீழே. எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா இந்தச் சவ்வுக்கு ஆகாது. புரோட்டான் உட்காரும் இடத்தில் அது அம்மோனியமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சுத்தக் காற்றில் சில நாள் ஓட்டியதும் பெரும்பகுதி மீண்டது. இப்போது கலம் மூடிய டப்பாவில், தேயிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன சனிக்கிழமை மூத்த பெண் ஒரு யோசனையோடு வந்தாள். மின்னோட்டம் சரியாக அளந்தோமா என்பதைத் தண்ணீரை வைத்தே சரிபார்க்கலாம் என்றாள். 0.9 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.3 கிராம் தண்ணீர் வரவேண்டும், ஆறு சொட்டு. நிலவுக்குப் போன அப்போலோ வீரர்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள் என்று நான் சொன்னதிலிருந்து அவளுக்கு அந்தச் சொட்டின்மேல் கண். காற்றுப் பக்கத்து விளிம்பில் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து, நகைக்கடைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்தோம். வெறுந்தாளை முதலில் நிறுக்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து 0.17 கிராம் கூடியிருந்தது. மிச்சம் 0.13.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் பென்சிலைக் கூடைக் கழிவுக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இதுல எவ்வளவு காத்துல போச்சு, எவ்வளவு நாம தப்பா அளந்தது அங்கிள்? ரெண்டையும் ஒரே கட்டத்துல போடலாமா?”

போடக்கூடாது என்றேன். இன்னொரு கோடு கிழித்தாள்.